சகேரி மைதானத்து லிபரேட்டர்கள்

தாம்பரத்தில் ஏர்ஃபிரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடல்பகுதியைப் பழுதுபார்ப்பவன், என்ற பயிற்சி முடித்து, கான்பூர் சகேரியில் நான் போய் இறங்கியது ஒரு ஜனவரி விடியற்காலை. மூடுபனியில் எதிரே இருந்த ஹேங்கர்கூடத் தெரியவில்லை. விமானப்படையின் பழுதுபார்க்கும் தளமான 1 பேஸ் ரிப்பேர் டிப்போவில் என்னைத் தகட்டு வேலை செய்யும் ஷீட் மெட்டல் பிரிவில் போட்டார்கள். அங்கே ஒரு மூத்த சிவிலியன் மிஸ்திரி இருந்தார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் பாக்கி. சீருடை போட்ட வாரண்ட் ஆபீசரும் அவரை ‘மிஸ்திரிஜி’ என்றுதான் கூப்பிடுவார். என்னை அவர் ‘பேட்டா’, மகனே, என்பார்.

சகேரியின் பழைய கதையை முதலில் எனக்குச் சொன்னவர் அவர்தான். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களிடம் அவர் கேட்டது அது. பிறகு நானே தேடித் தேடிப் படித்தேன்.

1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், வங்காளத்து ஓடுதளங்களிலிருந்துதான் பிரிட்டிஷ் விமானப்படை திருப்பித் தாக்கியது. நான்கு எஞ்சின் வைத்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து பர்மா வரை போய் வந்தன. ஒரு இறக்கை முனையிலிருந்து மறு முனைக்கு 110 அடி. ஒவ்வொரு எஞ்சினிலும் 14 சிலிண்டர். இத்தனை பெரிய உருப்படியைப் போர்முனைக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்து மேய முடியாது. கான்பூர் உள்ளே தள்ளி இருந்தது, ரயில் வசதி இருந்தது, ஆலைகள் நிறைந்த ஊர். அந்தச் சகேரியில் இருந்ததுதான் பிரிட்டிஷ் விமானப்படையின் 322 மெயின்டனன்ஸ் யூனிட். பறந்தவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. இந்த மாதிரி யூனிட்களில் மே மாத வெயிலில் இறக்கைமேல் உட்கார்ந்து, தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் அடித்தவர்களின் பெயர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கான்பூர் வெயிலில் அலுமினியத் தகட்டில் வெறுங்கையை வைத்துப் பார்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

1945-ல் போர் முடிந்தது. லிபரேட்டர்கள் ‘லெண்ட்-லீஸ்’ ஒப்பந்தத்தில் அமெரிக்கா கொடுத்தவை. போர் முடிந்தபின் வைத்துக்கொள்ள முடியாது, திருப்பி அனுப்பவும் யாருக்கும் தேவையில்லை. ஆகவே மறுபடி பறக்காதபடி அழித்துவிட உத்தரவு. சகேரியில் வரிசையாக நின்ற விமானங்களின் உடம்பில் புல்டோசரை விட்டு மோதினார்கள். எஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள். மீட்டர்களை நொறுக்கினார்கள். தகட்டைக் குத்திக் கிழித்தார்கள்.

மிஸ்திரிஜி இந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பல வருடம் கழித்து, வேறொரு தளத்தில், ஆயுள் முடிந்த ஒரு விமானத்தைக் கழிவு உலோகமாக வெட்டித்தரும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. அதே விமானத்தின் வால்பகுதியில் நானே முன்பு ஒரு தகடு மாற்றியிருந்தேன். கோடாரியைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கே முதல் வெட்டுப் போடுவது என்று தெரியாமல் நின்றேன். கூட இருந்த கார்ப்பரல் ஒன்றும் பேசாமல் கோடாரியை வாங்கிக்கொண்டு வேறு பக்கமாகப் போய்விட்டார். அன்று இரவு மெஸ்ஸில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று மழைக்காலம் அந்த லிபரேட்டர்கள் வெட்டவெளியில் கிடந்தன. சுதந்திரம் வந்தது, காஷ்மீரில் சண்டையும் வந்தது. நம் விமானப்படைக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. இவற்றைத் தேற்ற முடியுமா என்று பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைக் கேட்டார்கள். வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசின் துணையோடு 1940-ல் தொடங்கிய நிறுவனம் அது. 1943-ல் அதன் நிர்வாகம் அமெரிக்க ராணுவ விமானப்படையிடம் போனபிறகு, கேட்டலைனா போன்ற விமானங்களை முழுக்கப் பிரித்துச் சரிபார்த்து ஓவர்ஹால் செய்துசெய்து அங்கிருந்தவர்களுக்குக் கை பழகியிருந்தது.

விபத்தில் அடிபட்ட விமானத்தைச் சரிசெய்வது வேறு. ஒரு பக்கம் மோதியிருந்தால் விசை எந்த வழியாக உள்ளே போயிருக்கும் என்று கணக்கு உண்டு. அந்த வழியிலேயே போய்த் தேடலாம். வேண்டுமென்றே உடைத்ததில் அப்படி வழி கிடையாது. எங்கே அடித்தால் விமானம் எழாது என்று தெரிந்தவர்கள் உடைத்தது. மேலே தெரியும் பெரிய ஓட்டையைவிட, கண்ணில் படாமல் ஒரு எண்ணெய்க் குழாய்க்குள் கிடக்கும் ஒரு பிடி மணல்தான் ஆளைக் கொல்லும். ஒவ்வொரு குழாயையும், ஒவ்வொரு கேபிளையும் சந்தேகப்பட்டுத்தான் தொட்டிருக்க வேண்டும். ஒன்றில் உடைந்த பாகத்துக்கு இன்னொன்றிலிருந்து கழற்றிப் போட்டு, பறக்கும் அளவுக்குத் தேற்றி, பெங்களூருக்குக் கொண்டுபோய் முழு ஓவர்ஹால் செய்தார்கள். கான்பூரிலிருந்து அங்கே சுமார் 1,500 கிலோமீட்டர். ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி 40-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்களை அப்படி ஓட்டிச் சென்றார். அவர் துணிச்சலைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது, வேலை சரி என்று ஃபிட்டர்கள் போட்ட கையெழுத்தை நம்பி அவர் ஏறி உட்கார்ந்ததுதான்.

1948 நவம்பர் 2-ல் இந்த விமானங்களோடு 5-ம் ஸ்குவாட்ரன் கான்பூரிலேயே உருவானது. பின்னாளில் 6-ம் ஸ்குவாட்ரன் அவற்றைக் கடல் கண்காணிப்புக்கு வைத்துக்கொண்டது. 1968 வரை, இருபது வருடம் உழைத்தன. இன்று உலகில் முழுசாக மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல, இந்தியாவில் பறந்தவை. கேஎன்751 என்ற எண் கொண்ட ஒன்றை 1974-ல் பிரிட்டிஷ் விமானப்படையின் அருங்காட்சியகத்துக்கே நாம் கொடுத்தோம்.

மிஸ்திரிஜியிடம் ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயம் இருந்தது. ஒட்டுப்போட்ட தகட்டின்மேல் அதை வைத்து டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே காதைச் சாய்ப்பார். நான் தனியாகச் செய்த முதல் ஒட்டு ஓர் அடி நீளம்கூட இருக்காது. விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் இரு முனையிலும் ஸ்டாப் ஹோல் துளைத்து, தகடு வெட்டி, ரிவெட் அடித்து முடித்திருந்தேன். இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்றார். மிஸ்திரிஜி நாணயத்தால் தட்டினார், நகத்தால் ரிவெட் வரிசையை ஒரு தடவை வருடினார்.

“பேட்டா, டெஸ்ட் ஃபிளைட்ல இதுல ஏறி நீ போவியா?” என்றார்.

வாய் திறக்கவில்லை நான். மூன்றாவது வரிசையில் ஒரு ரிவெட்டின் தலை மயிரிழை அளவு தூக்கி நின்றது எனக்கும் தெரியும். டிரில் மெஷினை எடுத்து அதன் தலையைத் துளைத்துக் கழற்றினேன். புது ரிவெட் அடிக்க மறுபக்கம் முட்டுக்கொடுக்கும் டாலிக் கட்டையை அழுத்திப் பிடித்தபடி மிஸ்திரிஜியே உட்கார்ந்துகொண்டார்.