மூன்றடி இரண்டங்குலம்

ஏப்ரல் 12, 2025

பழைய வீட்டுக்குப் பதிலாகப் புது வீடு கட்டப்போகிறோம். அதன் தரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று பார்க்க இன்றும் போய் அளந்தேன். பக்கத்து வீட்டுச் சுவரில் டிசம்பர் வெள்ளம் நின்ற கோடு, அதன்மேல் வெள்ளையடித்தும் பழுப்பாகத் தெரிகிறது. ரோட்டிலிருந்து மூன்றடி இரண்டங்குலம். அந்த வீட்டு அக்கா சொன்னார்: ஃபெஞ்சல் புயல் மழை நின்று வெயில்கூட வந்துவிட்டது, சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்தது அதற்கு அப்புறம்தானாம்.

ஏப்ரல் 13

இந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரி வந்தார். காபி குடித்துக்கொண்டே, "இந்த வீட்டைக் கட்டி முப்பத்தாறு வருஷமாச்சு பாப்பா. இன்ஜினியரா வந்து பார்த்தாரு?" என்றார். அப்பா தலையை நிமிர்த்தி மேல்தளத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் கட்டிலுக்கு மேலே பூச்சு பெயர்ந்து இரண்டு கம்பி தெரிகிறது. காலையில் போர்வையை உதறினால் துருச் சில்லு விழுகிறது, மிளகாய் வற்றல் தோல் போல. கடலூர் ஓ.டி.யில் (பழைய டவுனில்) இந்தத் தெருவில் முக்கால்வாசி வீட்டுக்கு இதே கதிதான். கடல் காற்று.

மேஸ்திரி மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மா இருந்தபோது இந்த வீட்டில் சாப்பிட்டு வேலை செய்தவர்.

ஏப்ரல் 17

டவுனில் ஒரு இன்ஜினியர் ஆபீஸ். பிளான், அப்ரூவல், ஸ்ட்ரக்சர் டிராயிங் மூன்றும் சேர்த்து 45 ஆயிரம், நாலே நாளில் கையில் கொடுத்துவிடுவார்களாம். மாதிரிக்கு ஒரு செட் காட்டினார்கள். ஓரத்தில் பொடி எழுத்தில், 'மண்ணின் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 20 டன் எனக் கொள்ளப்பட்டது' என்று இருந்தது. யார் மண்ணைப் பார்த்தது என்று கேட்டேன். "நம்ம ஏரியாவுக்கு எல்லாருக்கும் இதுதான் மேடம் போடுவோம்."

ஏப்ரல் 20

தூக்கம் இல்லை. சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுவோம் என்று நாமே சான்று கொடுப்பது) போனால் அனுமதி உடனே கிடைத்துவிடும் என்று எல்லாரும் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். 2024 ஜூலையில் வந்தது. 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும். நம் மனை 2400, அதற்குள் அடங்கும். கட்டி முடித்த சான்றும் வேண்டியதில்லை. அலைச்சல் மிச்சம், உண்மைதான். ஆனால் இதன் அர்த்தம் என்ன? வீடு சரியாக எழும்புகிறதா என்று எனக்காக எந்த அலுவலகமும் வந்து பார்க்கப்போவதில்லை. இங்கே நின்று பார்க்க வேண்டியவரை நான்தான் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கான்ட்ராக்ட் எடுப்பவரிடமே டிராயிங்கும் வாங்கினால் அவர் வேலையை அவரே பார்த்துச் சரி என்பார். லோனுக்கு பேங்க் அனுப்பும் இன்ஜினியரும் பேங்கின் பணத்துக்குத்தான் காவல், என் தூணுக்கு இல்லை. என் கணவரிடம் சொன்னேன். "நீ யாரையுமே நம்ப மாட்டியா?" என்றார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நம்பத்தானே ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 23

சித்திரை 10. வாஸ்து நாள் போய்விட்டது. இனி வைகாசி 21. அப்பா காலண்டரைக் கிழிக்கவே இல்லை.

ஏப்ரல் 27

புதுச்சேரி போய் ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மாவைப் பார்த்தோம். மொத்தச் செலவில் 6 சதவீதம் கேட்கிறார். கணவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது அந்த அம்மா கேட்டார்: "தண்ணி வந்தா அப்பாவை எந்த வழியா மாடிக்குக் கூட்டிட்டுப் போவீங்க?"

இத்தனை பேரிடம் பேசினோம், ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. வெளிப் படிக்கட்டு வைப்பதாகத்தான் நாங்கள் போட்டிருந்தோம். அதில் ஏற அப்பா முதலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். வண்டியில் திரும்பும்போது ரெட்டிச்சாவடி வரை ஒருவருக்கொருவர் பேசவில்லை.

ஏப்ரல் 28

படிக்கட்டு உள்ளே வர வேண்டும். உயரம் குறைந்த படி. இருபுறமும் கைப்பிடி.

மே 3

மண் பரிசோதனை. இரண்டு துளைக்கு 22 ஆயிரம். ஏழு மணிக்கே முக்காலி நிறுத்தி ஆரம்பித்துவிட்டார்கள். 63.5 கிலோ எடைக்கட்டியை 75 சென்டிமீட்டர் தூக்கிக் கம்பியின் தலையில் விடுகிறார்கள். கம்பி 15 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி, அடுத்த 15-க்கு எத்தனை, அதற்கடுத்த 15-க்கு எத்தனை. முதல் எண்ணிக்கையை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கூட்டுகிறார்கள். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒன்று, இரண்டு, இரண்டு. அவ்வளவுதான், மொத்தம் நான்கே அடி. கட்டி விழும் சத்தம்கூட வரவில்லை, தயிரில் மத்து இறங்குகிற மாதிரி போனது. குழாயைத் திறந்து மண்ணைக் காட்டினார்கள். கருஞ்சாம்பல் களி. அழுத்தினால் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிகிறது. மூன்று மீட்டரில் ஏழு. ஆறு மீட்டர் ஆழத்தைத் தாண்டி மணல் வந்ததும்தான் கட்டி 'டங்' என்றது, அங்கே இருபத்திரண்டு.

அப்பா வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். நான்கு என்றதும் என்னைப் பார்த்தார்.

மே 4

கத்திரி ஆரம்பம். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்.

மே 10

ரிப்போர்ட் வந்தது. நம் மண் சதுர மீட்டருக்குத் தாங்குவது 8 டன். அந்த டவுன் ஆபீஸ் தாளில் 20.

தூண், அஸ்திவாரம் கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சாரிடம் போனில் படித்துக் காட்டினேன். அவர் கணக்கு போட்டுச் சொன்னார்: ஐந்தடி சதுரமாக இருக்கும் ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் போடும் கான்கிரீட் பாதம்) எட்டடி சதுரமாக வேண்டும், பக்கத்துப் பக்கத்துத் தூண்களுக்குச் சேர்த்தே போட வேண்டியிருக்கும். பயமாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை சார், இப்போதுதான் பயம் போனது என்றேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

மே 11

தம்பி துபாயிலிருந்து பேசினான். குவான்டிட்டி சர்வேயர் (பொருள், செலவுக் கணக்கு பார்ப்பவர்) வைத்துக்கொள், அங்கே அவர் இல்லாமல் ஒரு சுவர் எழும்பாது என்கிறான். இந்த அளவு வீட்டுக்கு அது அதிகம். கம்பி எடைக் கணக்கை ஸ்ட்ரக்சுரல் சாரே டிராயிங்கோடு தருகிறார், செங்கல், சிமெண்ட் கணக்கு ஆர்க்கிடெக்ட் தருவார். எலெக்ட்ரிக்கல் தனி ஆள் வேண்டாம். ஆனால் மீட்டரும் மோட்டார் ஸ்விட்சும் ஐந்தடிக்கு மேலே.

மே 14

முடிவு. ஸ்ட்ரக்சுரல் சார் முழுசாக: டிராயிங் 40 ஆயிரம், சைட்டுக்கு வர ஒரு முறைக்கு 3 ஆயிரம். ஃபுட்டிங், தூண், பிளிந்த் பீம் (வீட்டுத் தரைமட்டத்தில் ஓடும் பீம்), இரண்டு தளங்கள். "கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி கம்பியை நான் பார்க்கணும். பார்க்காம போட்டா என் கையெழுத்து கிடையாது" என்று எழுதியே கொடுத்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகவே அவர். ஆர்க்கிடெக்ட் அம்மா டிராயிங் வரை மட்டும், சதவீதம் இல்லாமல் பேசியபடி ஒரே தொகை. சைட்டுக்கு அவர் வராதது எனக்கு இழப்புதான், ஆனால் பணம் அவ்வளவுதான் இருக்கிறது. வாஸ்து பார்ப்பவர் அப்பாவுக்காக. அதற்கு நான் கணக்கு பார்க்கப்போவதில்லை.

வேலை மேஸ்திரிக்கே. லேபர் கான்ட்ராக்ட், அதாவது கூலிக்கு மட்டும்.

அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மே 17

சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. "என் கம்பியை இன்னொருத்தர் வந்து பார்க்கணுமா பாப்பா?" என்றார். நான் அவரை அப்பாவின் அறைக்குக் கூட்டிப்போய் மேலே காட்டினேன். கட்டில் மேல் ஏறி நின்று, பெயர்ந்த பூச்சின் விளிம்பை விரலால் தடவினார். கம்பிக்கும் காற்றுக்கும் நடுவே நகத்தளவு சிமெண்ட்தான் இருந்திருக்கிறது. கடற்காற்று படும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) வேண்டும் என்று ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி சொல்வதைச் சார் எழுதிக்கொடுத்திருந்தார். அந்தத் தாள் என் கையிலேயே இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை.

"அப்பல்லாம் ஜல்லியைத்தான் கம்பிக்கு அடியில வைப்போம். கவர் பிளாக்குன்னு யாரும் சொல்லலையே" என்றார். சாப்பிடாமல் போய்விட்டார்.

மே 18

அவர் போனை எடுக்கவில்லை.

மே 19

எடுக்கவில்லை. பிளிந்த், அதாவது வீட்டுத் தரைமட்டம், ரோட்டிலிருந்து நாலரை அடி என்று டிராயிங்கில் இருக்கிறது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் ரோடு உயர்கிறது. நாலரை போதுமா?

மே 21

காலை ஆறு மணிக்கு வாசலில் மேஸ்திரி. கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே 45 மில்லிமீட்டர் கவர் பிளாக் நாலைந்து. "இதானே பாப்பா? சார் எத்தனை மணிக்கு வருவாருன்னு கேளு, நானும் இருக்கணும்."

அப்பா இன்னும் எழவில்லை. எழுப்பப்போகிறேன்.