பர்வதமலை: கோயில்தானேன்னு ரப்பர் செருப்போட கிளம்பின கதை

இன்னைக்கு செவ்வாக்கிழமை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மலையை விட்டு இறங்கினேன், இன்னமும் வீட்டு மாடிப்படியில நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் இறங்கிட்டு இருக்கேன். கீழ் வீட்டுப் பாட்டி பாத்துட்டு "என்னம்மா, வண்டில விழுந்துட்டியா"ன்னாங்க. இல்ல பாட்டி, பர்வதமலை போயிட்டு வந்தேன்னேன். "ஓ, கோயிலுக்கா"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. எனக்கு கடுப்பே அந்த "கோயிலுக்கா"வுலதான்.

நம்ம ஆளுங்ககிட்ட மணாலி பக்கம் ட்ரெக்கிங்னு சொல்லிப் பாருங்க, ஒரு மாசம் முன்னாடியே ஜாக்கெட், ஷூ, மாத்திரைன்னு வீடே அமளிதுமளிப்படும். அதுவே கோயில் மலைன்னா ஒரு மஞ்சப்பை, அதுல கற்பூரம், தேங்கா, வாழைப்பழம், முடிஞ்சுது. திருவண்ணாமலை பக்கத்துல இருக்கற இந்தப் பர்வதமலை 4560 அடி உசரம். மேல மல்லிகார்ஜுனரா சிவனும் பிரமராம்பிகையா அம்மனும் இருக்காங்கன்றதுக்காக மலை ஒண்ணும் அடி குறைச்சுக்காது.

போனது மூணு பேர். நான், எங்க சித்தப்பா, காலேஜ் படிக்கிற அவர் பையன். சித்தப்பாவுக்கு 57 வயசு, தினமும் குரோம்பேட்டைல ரெண்டு ரவுண்டு வாக்கிங் போறவர், அதனால தன்னை மலையேறி வீரர்னே நினைச்சுட்டு இருந்தார். நான் ஷூ போட்டுட்டு முதுகுல பையோட வந்து நின்னதும் "ஏம்மா, சாமி கும்பிடப் போறோமா, எவரெஸ்ட்டுக்குப் போறோமா"ன்னு சிரிச்சார். அவர் கால்ல தேஞ்சுபோன ரப்பர் செருப்பு. நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன். பெரியவங்களை எப்படிச் சொல்றதுன்ற தயக்கம் இருக்கே, மலைல அது ரொம்ப டேஞ்சரான விஷயம்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது.

பஸ் கதையைச் சொல்லலேன்னா எனக்கு ஆறாது. சனிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்துல திருவண்ணாமலை பஸ். பௌர்ணமி இல்ல, கூட்டம் இருக்காதுன்னு கணக்கு போட்டுதான் அந்தத் தேதியே எடுத்தோம், ஆனா அங்க போய்ப் பாத்தா ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிக்கிற கூட்டம். கிடைச்சது கடைசி சீட்டு, ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல மூட மாட்டேங்குது, தை மாசப் பனி, செஞ்சி தாண்டறதுக்குள்ள என் வலது காது மரத்தே போச்சு, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் நாங்க மூணு பேரும் ஒண்ணா எகிறி ஒண்ணா விழுந்தோம். பீச் ஸ்டேஷன்ல சாயங்காலம் ஆறு மணிக்கு வேலூர் வழியா ஒரு ரயில் இருக்கு, டிக்கெட் 50 ரூபாதான், நடு ராத்திரிக்கு திருவண்ணாமலைல இறக்கி விட்டுரும். நான் அப்பவே சொன்னேன். சித்தப்பாதான் "பஸ்ஸுன்னா தூங்கிட்டே போலாம்மா"ன்னார். ஒரு பொட்டு தூங்கல. மலையேறப் போறவனுக்கு முந்தின ராத்திரித் தூக்கம் ஷூவை விட முக்கியம். அடுத்த தடவை முதல் நாளே போய் ரூம் எடுத்துப் படுத்துட்டுதான் ஏறுவேன், காசு போனா போகுது.

காசுன்னதும் ஆட்டோக்காரர் ஞாபகம் வந்துடுச்சு. விடிகாலை மூணரை மணி, பஸ் ஸ்டாண்டு வாசல், மலை அடிவாரத்துல இருக்கற தென்மாதிமங்கலம் போகணும். முதல்ல 1500ன்னார். பேசிப் பேசி 1100க்கு வந்தார். பாதி தூரத்துல வண்டியை ஸ்லோ பண்ணி "ரோடு மோசம்மா, வெயிட்டிங்கும் இல்லாம திரும்பி காலியா வரணும், ஒரு இருநூறு சேத்துக் குடுங்க"ங்கறார். சுத்தி இருட்டு, நாய்ங்க குலைக்குது, அங்க வெச்சு என்ன பேரம் பேசறது. குடுத்தாச்சு. விடிஞ்சப்புறம் போளூர் ரோட்டுல பஸ் கிடைக்கும், ஆனா அதுக்குக் காத்திருந்தா வெயில்ல ஏறணும். அதனால ஆட்டோ செலவை முன்னாடியே பட்ஜெட்ல போட்டுடுங்க, மொத்தத் தொகையை ஏறும்போதே மூணு பேர் காதுபடச் சொல்ல வைங்க.

அடிவாரத்துல பச்சையம்மன் கோயில், வீரபத்திரர் கோயில் எல்லாம் தாண்டி நடக்க ஆரம்பிச்சப்ப மணி அஞ்சு. இன்னும் விடியல. தம்பி கெத்தா போனை எடுத்து டார்ச் போட்டான். சார்ஜ் 14 பர்சென்ட். பஸ்ல ராத்திரி பூரா ரீல்ஸ். நான் நெத்தியில கட்டற டார்ச் வெச்சிருந்தேன், அதை மாட்டினதும் "அக்கா, சுரங்கத்துல வேலைக்குப் போற மாதிரி இருக்கு"ன்னு கிண்டல் பண்ணான். பத்து நிமிஷத்துல என் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்தான். போன் டார்ச்னா ஒரு கை அதுக்கே போயிடும், தடுக்கினா ஊன்ற கை இல்ல. போனும் செத்தா அவசரத்துக்குக் கூப்பிட வழியும் இல்ல.

சித்தப்பாவோட இன்னொரு கணக்கு: "மேப்ல பாத்தேன், கொஞ்ச தூரந்தான், ஒன்றரை மணி நேரத்துல மேல நிப்போம்." மலைல தூரத்தை மட்டும் வெச்சு நேரம் போடவே கூடாது. 1892லயே நைஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கணக்கு சொல்லிட்டுப் போயிட்டார், அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம் சேக்கணும். அதுவே நல்ல உடம்புக்காரனுக்கு. நம்ம ஊர் உக்காந்து வேலை பாக்கற உடம்புக்கு அதுமேல பாதி கூடப் போட்டுக்கணும். எங்களுக்கு மேல போய்ச் சேர அஞ்சு மணி நேரம் ஆச்சு.

நான் கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணியிருந்தேன். மெட்ராஸ்ல மலைக்கு எங்க போறது, இருக்கறதெல்லாம் ஃப்ளைஓவர்தான்னு நினைக்காதீங்க. பரங்கிமலைப் படி இருக்கு. திருக்கழுக்குன்றத்துல 565 படி, திருத்தணில 365 படி. ஒரு மாசம் ஞாயித்துக்கிழமை தோறும் திருக்கழுக்குன்றம் போனேன், கடைசி ரெண்டு வாரம் பைல ரெண்டு லிட்டர் தண்ணியோட. முக்கியமா அதே ஷூவோட. புது ஷூவை மலை ஏற அன்னைக்குத்தான் பெட்டியைப் பிரிச்சுப் போட்டா குதிகால் தோல் பிரிஞ்சுடும். கால் நகத்தையும் வெட்டிடுங்க. நான் வெட்டாம விட்டேன், இறங்கும்போது விரல் முன்னாடி இடிச்சு இடிச்சு, இப்ப கட்டைவிரல் நகம் நாவப்பழக் கலர்ல இருக்கு.

முதல்ல ஒழுங்கான படி, அப்புறம் கல்லுக்கல்லா பாதை. அங்கதான் சித்தப்பா நடை மாறுச்சு. விஷயம் என்னன்னா மனுஷன் பச்சைத்தண்ணி பல்லுல படாம வந்திருக்கார். "சாமி பாக்காம எப்படிம்மா சாப்பிடறது?" ராத்திரியும் ரெண்டு இட்லிதான். தண்ணியும் குடிக்கல, கேட்டா "அப்புறம் வழியில எங்க ஒதுங்கறது"ங்கறார். இதுல அவரை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, நாங்க பொம்பளைங்க முக்கால்வாசிப் பேர் இதே காரணத்துக்குத்தான் மலைல தண்ணி குடிக்காம ஏறறோம். நானும் முதல் ஒரு மணி நேரம் அப்படித்தான் இருந்தேன், தலை வலிக்க ஆரம்பிச்சதும் வெக்கத்தை ஓரமா வெச்சுட்டேன்.

மேல கடப்பாறைப் படின்னு ஒண்ணு வரும், அதுக்குக் கொஞ்சம் முன்னாடி சித்தப்பா "அம்மா"ன்னு உக்காந்துட்டார். கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி இறுகி தோலுக்கு அடியில துடிக்கறது கண்ணுக்கே தெரியுது. காலை நீட்டச் சொல்லி, பாதத்தைப் பிடிச்சு விரல்களை முழங்கால் பக்கமா தள்ளிப் பிடிச்சேன், ரெண்டு நிமிஷம் பல்லைக் கடிச்சுட்டு இருந்தார், அப்புறம் மெல்ல விட்டுது. ஓஆர்எஸ் பாக்கெட்டை அப்படியே வாய்ல கொட்டப் பாத்தான் தம்பி, டேய் அது முழு பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணில கரைக்கணும்டான்னு பிடுங்கினேன். பாக்கெட் இல்லேன்னா ஒரு லிட்டருக்கு சர்க்கரை ஆறு டீஸ்பூன் தட்டையா, உப்பு அரை டீஸ்பூன், வீட்லயே கலந்து எடுத்துட்டுப் போலாம், அஞ்சு ரூபா கூட ஆகாது. கூட ரெண்டு கடலைமிட்டாய் குடுத்தேன். "சாமி தப்பா எடுத்துக்காது சித்தப்பா, அவர் பிச்சை எடுத்துச் சாப்பிட்டவர்தானே"ன்னேன். சிரிச்சுட்டு வாங்கிட்டார்.

மூணு பேருக்கு மூணு லிட்டர் போதும்னு அவர் சொன்னதை நம்பாம நான் தனியா மூணு லிட்டர் தூக்கிட்டு வந்ததாலதான் பொழைச்சோம். ஆளுக்கு மூணு லிட்டர் இல்லாம ஏறாதீங்க. வழியில கடை இருந்தா வாங்கிக்கலாம், ஆனா நம்பிப் போகக் கூடாது. விலை ஜாஸ்தியா இருக்கும். இதுல மட்டும் நான் பேரம் பேசவே மாட்டேன், ஒவ்வொரு பாட்டிலும் யாரோ தலைச்சுமையா தூக்கிட்டு வந்தது.

இப்ப அந்தக் கடப்பாறைப் படி. செங்குத்துப் பாறைல இரும்புக் கடப்பாறைகளை அடிச்சு இறக்கியிருக்காங்க, பக்கத்துல சங்கிலி. ஒரு கடப்பாறை மேல பாதத்தை வெச்சு, அடுத்ததைக் கையால பிடிச்சு, உடம்பை மேல இழுக்கணும். நிறைய கை பட்டுப் பட்டு இரும்பு வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்கு, காலைப் பனில சில்லுன்னு ஒரு ஈரம் வேற. ரெண்டு கையும் காலியா இருக்கணும். மஞ்சப்பையை மணிக்கட்டுல மாட்டிட்டு ஏறின ஒருத்தரோட தேங்கா எங்க தலைக்கு மேல இருந்து டொக்கு டொக்குன்னு உருண்டு பக்கத்துல விழுந்துச்சு, ஒரு அடி இந்தப் பக்கம் வந்திருந்தா சிதறு தேங்கா என் மண்டைலதான். முதுகுப் பைன்றது ஸ்டைலுக்கு இல்லங்க. அதுக்கப்புறம் தண்டவாளத்தைப் பதிச்ச படி, ஏணிப்படின்னு வரிசையா வருது. அங்க பின்னாடி இருந்து அவசரப்படுத்தறவங்களை முன்னால விட்டுடுங்க, அவங்களோட போட்டி வேண்டாம்.

மேல போனதும் எல்லாம் மறந்துடுச்சு, அது வேற விஷயம். இங்க நாமளே சாமிக்குத் தொட்டு அபிஷேகம் பண்ணலாம். சித்தப்பா பால் ஊத்தும்போது கை நடுங்கிட்டே இருந்துச்சு, பக்தியா பசியான்னு தெரியல. வெளிய காத்து ஆளைத் தள்ளுது. வேர்வைல நனைஞ்ச காட்டன் சட்டை அந்தக் காத்துல ஐஸ் மாதிரி ஒட்டும், அதனால ஒரு காஞ்ச டி ஷர்ட் பைல இருக்கட்டும். குரங்குக்கு பாலித்தீன் கவர் சத்தம் கேட்டா போதும், எங்க வாழைப்பழம் பூரா அதோட வயித்துக்குள்ள.

இந்த மலையைத்தான் மலைபடுகடாம்ங்கற சங்கப் பாட்டுல வர்ற நன்னன் ராஜாவோட நவிர மலைன்னு சொல்றாங்க. அதை எழுதின பெருங்கௌசிகனார் கூத்தர்களுக்கு வழி சொல்றதைப் படிச்சுப் பாருங்க, அப்பட்டமா ட்ரெக்கிங் டிப்ஸ்தான். பன்றிக்குப் பொறி வெச்சிருக்காங்க, விடிஞ்சப்புறம் போங்க. பாம்பு இருக்கு, பாத்துப் போங்க. வழி பிரியற இடத்துல பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியற மாதிரி புல்லை முடிஞ்சு போடுங்க. வழி தப்பினா வாத்தியத்தை வாசிங்க, மலைக்காரங்க வந்து கூட்டிட்டுப் போவாங்க. வாத்தியத்துக்கு பதிலா நான் 30 ரூபா விசில் வெச்சிருந்தேன். அவ்ளோ வருஷத்துக்கு முன்னாடி யோசிச்சிருக்காங்க, நாம தேஞ்ச செருப்போட போறோம்.

அந்தச் செருப்பு இறங்கும்போது பாதி வழியில வார் பிடுங்கிக்கிச்சு. கல்லு சுட ஆரம்பிச்ச நேரம். என் பைல இருந்த ஷூ லேஸை எடுத்து செருப்பையும் காலையும் சேத்துக் கட்டி, தம்பி ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். இறங்கறதுதானே ஈசின்னு நினைக்கிறவங்க முட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. களைச்சுப் போய் கால் வழுக்கறதும் இறங்கும்போதுதான். உக்கார்ற கல்லு, கை வைக்கற பொந்து எல்லாம் பாத்து வைங்க. பாம்பு கடிச்சா கத்தி போடறது, உறிஞ்சறது, இறுக்கிக் கட்டறது எதுவும் வேண்டாம், ஆளை அசைக்காம தூக்கிட்டு வந்து 108ல அரசு ஆஸ்பத்திரி, அவ்ளோதான்.

இன்னொண்ணு, சீரியஸா. கோடைல போகாதீங்க. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி பக்கம் குரங்கணில காட்டுத்தீல மாட்டி 23 பேர் போனாங்க, சென்னையில இருந்து போனவங்களும் அதுல இருந்தாங்க. அதுக்கப்புறம்தான் ட்ரெக்கிங்குக்குத் தனி விதியே வந்துச்சு. இப்ப வனத்துறையே 2024ல இருந்து 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு வழிகாட்டியோட கூட்டிட்டுப் போறாங்க. முதல் தடவை போறவங்க அதுல பூண்டி பக்கத்துல இருக்கற குடியம் குகைல ஆரம்பிக்கலாம், நம்ம ஊருக்குக் கிட்ட. எங்க போனாலும் கீழ விசாரிச்சுட்டு ஏறுங்க, எத்தனை மணிக்குள்ள போன் வரலேன்னா தேடணும்னு வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு ஏறுங்க. நான் சித்திகிட்ட நாலு மணின்னு சொல்லியிருந்தேன். ரெண்டே முக்காலுக்கு அடிவாரம்.

அங்க ஒரு அக்கா தள்ளுவண்டில கேவுரு கூழ் வெச்சிருந்தாங்க. சொம்பு நிறைய, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தை கையாலயே நசுக்கிப் போட்டு, மோர் மிளகாய் தனியா. முதல் வாய் உள்ள போகும்போது தொண்டைல இருந்து வயிறு வரைக்கும் எங்கெங்க போகுதுன்னு தெரிஞ்சுது. 25 ரூபா. ரெண்டு சொம்பு. 1300 ரூபா ஆட்டோவை விட அந்த 50 ரூபாதான் இந்த ட்ரிப்லயே உருப்படியான செலவு. திரும்ப வரும்போது ஷேர் ஆட்டோ, பஸ்னு மாறி மாறி வந்ததுல மூணு பேருக்கும் சேத்து இருநூறு கூட ஆகல, அதை நினைச்சாதான் வயிறு எரியுது.

சித்தப்பா நேத்து போன் பண்ணார். "அந்த ஷூ என்ன விலைம்மா"ன்னார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அந்தக் காசுக்கு பத்து செருப்பு வாங்கலாமே... சரி, ஒன்பதாம் நம்பர் இருக்கான்னு கேட்டுச் சொல்லு."