மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரில் நிற்கிறதா, இடம் மாறுகிறதா?

டாடா 697 இன்ஜின் போட்ட பழைய லாரிகள் இன்றும் செங்கல், ஜல்லி, தண்ணீர் என்று உள்ளூர் லோடு அடிக்கின்றன. ஆறு சிலிண்டர், 97 மி.மீ. போர், 128 மி.மீ. ஸ்ட்ரோக்; எல்லா சிலிண்டருக்கும் டீசலை அழுத்தி அனுப்புவது இன்லைன் பம்ப். ஸ்கேனர் மாட்ட இடமே கிடையாது. விட்டு விட்டு மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் அடிக்காமல் இன்ஜின் உதறுவது) வந்தால் பல இடங்களில் முதல் பேச்சே "பம்பைக் கழட்டி லேபுக்கு அனுப்பு" என்பதுதான். லேப் என்பது பம்பை டெஸ்ட் செய்து சரிபார்க்கும் பட்டறை; அங்கே பம்ப் வேலைக்கு நல்ல தொகை போகும். திரும்பி வந்த பிறகும் அதே மிஸ்ஸிங் இருந்தால், தப்பு பெரும்பாலும் பம்புக்கு வெளியே இருக்கிறது.

அதனால் ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். மிஸ்ஸிங் எப்போதும் ஒரே சிலிண்டரிலா, இல்லை இப்போது 2, அப்புறம் 5 என்று தாவுகிறதா? ஒரே சிலிண்டர் என்றால் அந்த சிலிண்டரின் நாசில் (டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முனை), ஹை பிரஷர் பைப், டெலிவரி வால்வு (பம்பிலிருந்து அந்தப் பைப்புக்கு டீசலை விடுவது), டேப்பெட் (வால்வு இடைவெளி), கம்ப்ரஷன் இவற்றில் ஒன்று. தாவினால் டீசல் வரத்தில் குறை: ஏர், தண்ணீர் அல்லது அடைப்பு.

காரணம் எளிது. பம்பின் கேலரியில் (டீசல் நிற்கும் அறையில்) நுழைந்த காற்றுக்குமிழ் எந்த எலிமென்ட்டுக்குள் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியே உள்ள பிளஞ்சர், பேரல் ஜோடி) போகிறதோ, அங்கே பிளஞ்சர் டீசலை அழுத்துவதற்குப் பதில் காற்றை அழுத்துகிறது. காற்று சுருங்கிவிடும், நாசில் திறக்கத் தேவையான பிரஷர் வராது. அந்தச் சுற்றில் அந்த சிலிண்டர் அடிக்காது. அடுத்த குமிழ் வேறு எலிமென்ட்டுக்குப் போகும்.

எந்த சிலிண்டர் என்று பார்க்க, ஸ்லோவில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) மிஸ்ஸிங் இருக்கும் நேரத்திலேயே நாசில் பக்கப் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் சத்தம் உடனே மாறி இன்னும் உதறும். சத்தம் மாறாமல் அப்படியே ஓடினால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். நட்டின் மேல் தடித்த துணி போடுங்கள், கண்ணாடி அணியுங்கள், கையைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பிரஷரில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

லோடில் மட்டும் மிஸ்ஸிங் வருகிற வண்டியில் இந்தச் சோதனை எதையும் காட்டாது. லோடோடு ஒரு மேட்டை இழுத்துவிட்டு நிறுத்திய கையோடு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு போர்ட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்து நின்றால் அதுதான் சிலிண்டர்.

ஏர் எடுக்கும் இடம் கண்ணுக்குச் சிக்காமல் போவதற்கும் காரணம் உண்டு. டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வரை லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரம் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஃபீட் பம்புக்கு முன்னால் டீசல் தாங்கும், உள்ளே தெரியும் அரை அடி டியூப்பைக் கிளிப் போட்டு மாட்டி, இன்ஜினை ரேஸ் பண்ணிப் பாருங்கள். பிளீட் செய்தபோது (லைனிலிருந்து காற்றை வெளியேற்றியபோது) தங்கிய ஓரிரு குமிழ் முதலில் போகும். ஐந்து நிமிடம் கழித்தும் குமிழ் வரிசையாக வந்தால் காற்று டேங்க் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே சுத்தமாக இருந்து, ஃபீட் பம்புக்கும் ஃபில்டருக்கும் நடுவே டியூப்பை மாற்றிப் போட்டால் குமிழ் தெரிகிறது என்றால், ஃபீட் பம்பின் ப்ரீ ஃபில்டர் கிண்ண வாஷர் அல்லது கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரின் சீல்தான் காரணம்.

டேங்க் பக்கத்தில் முதல் சந்தேகம் பேஞ்சோ போல்ட்டின் (பைப் முனையைப் பிடிக்கும், நடுவே துளையுள்ள போல்ட்) காப்பர் வாஷர்கள். பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போட்டு இறுக்கியிருப்பார்கள். அடுத்தது கிளிப்புக்கு அடியில் வெடித்த ரப்பர் ஹோஸ். டேங்க் பாதிக்குக் கீழே போனால்தான் மிஸ்ஸிங், நிரப்பினால் சரி என்றால், டேங்குக்குள் நிற்கும் உறிஞ்சு குழாயில் மேல்பக்கம் கீறல் இருக்கலாம். டீசல் மட்டம் அதற்கு மேலே இருக்கும்வரை குறை தெரியாது. அரை மணி, ஒரு மணி ஓடிய பிறகு மூச்சு வாங்கினால் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, வண்டியும் தெளிந்தால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, ஃபில்டர் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியே நிற்கும்.

ஒரே சிலிண்டர் என்று உறுதியானால் இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங் கூடவே போனால் இன்ஜெக்டர்தான். டெஸ்டரில் போடும்போது திறக்கும் பிரஷர் மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு 20 பார் கீழே 10 நொடி பிடித்து, முனையில் சொட்டு திரள்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில் மட்டும் ஊசி பிடித்து, ஆறினால் விடும் நாசில் பெஞ்சில் நல்லதாகவே காட்டும். அதில் மாற்றிப் போட்ட சோதனையைத்தான் நம்ப வேண்டும்.

கழட்டும்போது இன்ஜெக்டர் அடியிலிருந்த பழைய காப்பர் வாஷர் வெளியே வந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கரி படிந்து, ஹெட்டின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டு அது உள்ளே நின்றுவிடும். அதன் மேலேயே புது வாஷர் விழுந்தால் நாசில் முனை அந்தத் தடிமன் அளவுக்கு மேலே ஏறும். ஸ்ப்ரே பிஸ்டன் கிண்ணத்தில் விழ வேண்டிய இடம் தவறும். கரும்புகை, உதறல் இரண்டும் வரும்.

இன்ஜெக்டர் மாற்றியும் மிஸ்ஸிங் அதே இடத்தில் நின்றால், டேப்பெட் பாருங்கள். சூடேறிய பிறகு மட்டும் ஸ்லோவில் உதறினால் எக்ஸாஸ்ட் வால்வு டைட்டாக வைத்திருக்கலாம். வால்வு நீண்டு, சீட்டில் முழுக்க உட்காராமல் நிற்கும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் அடிக்கும் வரிசை) 1-5-3-6-2-4 என்பதால் 6-ல் இரண்டு வால்வும் ஆடும்போது 1-ன் டேப்பெட்டை வைக்கலாம். அதேபோல் 5-க்கு 2, 3-க்கு 4 ஜோடி; ஒன்றில் வால்வு ஆடும்போது மற்றதை வைக்கலாம். இதற்கு நேர் எதிராக, காலையில் வெள்ளைப் புகையோடு உதறி, சூடானதும் சரியாகும் சிலிண்டருக்கு கம்ப்ரஷன் எடுங்கள். ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், ஆறுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து, நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடிக்கும்போது அந்தப் பைப்பில் மட்டும் டீசல் வரத்து குறைந்தால்தான் டெலிவரி வால்வும் எலிமென்ட்டும் சந்தேகத்துக்கு வருகின்றன. அப்போது பம்பைக் கழட்டலாம். லேபில் கொடுக்கும்போது எந்த சிலிண்டர், சூட்டிலா குளிரிலா, லோடிலா ஸ்லோவிலா என்று எழுதியே கொடுங்கள். பெஞ்சில் அவர்கள் எந்த அவுட்லெட்டை, எந்த ஆர்.பி.எம்.மில் பார்க்க வேண்டும் என்பது அந்தச் சீட்டிலிருந்துதான் தெரியும்.