சுகர் இறங்கினால் ஏறும் ஹார்மோன்: வார்டு நாட்குறிப்பு

மார்ச் 3, 2025

இன்று இன்சுலின் டாலரன்ஸ் டெஸ்ட். இன்சுலின் போட்டு சுகரை இறக்கி, வளர்ச்சி ஹார்மோன் ஏறுகிறதா என்று பார்ப்பது. சுகர் 70-க்குக் கீழே போனாலே குளுக்கோஸோடு ஓடுகிறவர்கள் நாங்கள். இன்று வேண்டுமென்றே 40-க்குக் கீழே இறக்க வேண்டும். வந்தவர், மூளைக்கு அடியில் அந்த ஹார்மோனைச் சுரக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்ட நடுத்தர வயதுக்காரர். வலிப்பு இல்லை, இதயக் கோளாறு இல்லை, கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் காலை அளவும் பரவாயில்லை. இதையெல்லாம் பார்த்த பிறகுதான் டாக்டர் சரி என்றார்.

வெறும் வயிற்றில், கிலோவுக்கு 0.1 யூனிட் இன்சுலின், நேராக நரம்பில். அரை மணி நேரத்துக்குள் சட்டை நனைந்துவிட்டது, கை நடுங்கியது. "சிஸ்டர், பசி உயிர் போகுது" என்றார். மீட்டரில் 36. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) சிரிஞ்ச் தயாராக என் கையில் இருந்தது, டாக்டரும் நகரவில்லை. நிலைமை மோசமானால் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, சாம்பிள் எடுப்பதைத் தொடரலாம். சுகர் இறங்கிய சேதி அதற்குள், பிட்யூட்டரிக்கு உத்தரவு போடுகிற மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸுக்குப் போயிருக்கும், டெஸ்ட் வீணாகாது.

பிட்யூட்டரி நன்றாக இருந்தால், சுகர் அடிமட்டம் தொட்ட பிறகு, இன்சுலின் போட்ட ஒரு மணி நேர வாக்கில் வளர்ச்சி ஹார்மோன் விறுவிறுவென ஏறும். பெரியவர்களுக்கு மில்லிக்கு 3 நானோகிராமைக்கூட எட்டவில்லை என்றால் கடுமையான குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மார்ச் 4

"வளர்ந்து முடித்த ஆளுக்கு எதற்கு அக்கா வளர்ச்சி ஹார்மோன்?" என்று பயிற்சிக்கு வந்த பெண் கேட்டாள். நல்ல கேள்வி. பெயர்தான் வளர்ச்சி, சாப்பாடு கிடைக்காத நேரத்தில் அது பார்க்கிற வேலை வேறு. தசையைச் சர்க்கரை எடுக்கவிடாமல் தடுக்கும், கொழுப்பைக் கரைத்து எரிக்கவைக்கும், இருக்கிற சர்க்கரையை மூளைக்கு மிச்சம் பிடிக்கும். ஆனால் மெதுவான ஆள். சுகர் இறங்கியதும் உடனடியாகக் காப்பாற்றுவது குளூக்ககான், அட்ரினலின் என்ற வேறு ஹார்மோன்கள்தான். வளர்ச்சி ஹார்மோனின் கை தெரிய சில மணி நேரம் ஆகும்.

சுகர் குறைந்தால் இது ஏறும் என்று 1963-இல் காட்டியவர்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த ராத், கிளிக், யாலோ, பெர்சன் நால்வர். ரத்தத்தில் இவ்வளவு சொற்பமாக இருக்கும் ஹார்மோனை அளக்கும் முறையையே யாலோவும் பெர்சனும்தான் உருவாக்கினார்கள். 1977-இல் யாலோவுக்கு நோபல். பெர்சன் 1972-இலேயே போய்விட்டார், அதனால் பட்டியலில் இல்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

மார்ச் 8

இன்று நேர் எதிர் டெஸ்ட். மோதிரம் விரலில் ஏறவில்லை, செருப்பு அளவு கூடிக்கொண்டே போகிறது என்று வந்த அம்மா. அக்ரோமெகலி சந்தேகம், அதாவது பிட்யூட்டரி கட்டியால் வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிற நோய். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தோம். பாதியிலேயே குமட்டல், எலுமிச்சை பிழிந்த பிறகு இறங்கியது.

சுகர் ஏறினால் ஹைப்போதலாமஸ் சோமாட்டோஸ்டாட்டினை விடும், அது பிட்யூட்டரியை அடக்கும், வளர்ச்சி ஹார்மோன் 1 நானோகிராமுக்கும் கீழே விழும் என்பது பொதுவான விளக்கம். கட்டி இருந்தால் அது இந்தப் பேச்சைக் கேட்காது. ரிப்போர்ட்டில் இவருக்கு இறங்கவே இல்லை. எம்ஆர்ஐக்கு எழுதிவிட்டார்கள்.

மார்ச் 10

போன திங்கட்கிழமை இன்சுலின் டெஸ்டுக்கு வந்தவரின் ரிப்போர்ட்: வளர்ச்சி ஹார்மோன் உச்சம் 0.8. மூன்றை எட்டவே இல்லை.

மார்ச் 13

டைப் 1 சர்க்கரை (கணையம் இன்சுலின் சுரக்காத வகை) உள்ள பதினான்கு வயதுப் பெண், அம்மாவோடு. மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 12-க்கு மேல். வகுப்பில் முதல் வரிசையில் உட்காரவைக்கிறார்கள், அவ்வளவு குள்ளம். அம்மாவின் கேள்வி: "சுகர் கூடினா அந்த ஹார்மோன் குறையும்னு சொன்னாங்க. அதனாலதான் வளரலையா?"

இல்லை என்பதுதான் இதில் விசித்திரம். இந்தப் பிள்ளைகளுக்கு சுகரும் கூடுதல், வளர்ச்சி ஹார்மோனும் கூடுதல். காரணம் கல்லீரலில் இருக்கிறது. கணையத்திலிருந்து இன்சுலின் முதலில் போவது கல்லீரலுக்கு. அது போதுமான அளவு வந்தால்தான் அங்கே வளர்ச்சி ஹார்மோனுக்கான ஏற்பிகள் சரியாக இருக்கும், ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோன் சுரக்கும். எலும்பை நீளவைப்பதில் பெரும்பங்கு அந்த ஐஜிஎஃப்-1-க்கு. இன்சுலின் இல்லாத கல்லீரல் கதவைச் சாத்திக்கொள்கிறது. ஐஜிஎஃப்-1 குறைவாக இருப்பதைப் பார்த்து பிட்யூட்டரி இன்னும் வேகமாகத் தட்டுகிறது. அந்தக் கூடுதல் ஹார்மோன் வளர்ச்சிக்கு உதவாமல், இன்சுலினுக்கு எதிராக வேலை செய்து சுகரை மேலும் ஏற்றுகிறது.

குள்ளம், வீங்கிய கல்லீரல், தள்ளிப்போகும் பருவமடைதல் என்று இதை 1930-இல் பிரான்ஸில் மோரியாக் என்ற மருத்துவர் விவரித்தார். அவர் பெயரில்தான் இன்றும் சொல்கிறோம்.

அம்மா இன்னொன்றும் சொன்னார்: இரவு மூன்று மணிக்கு 140 இருந்த சுகர், ஒன்றுமே சாப்பிடாமல் விடியும்போது 230. பிள்ளை திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று வீட்டில் சண்டையாம். ஆழ்ந்த தூக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் அலையாக வரும், பருவ வயதில் இன்னும் பெரிதாக. அதன் விளைவு அதிகாலையில் தெரியும். அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள் என்று நானே குறுக்கே பேசிவிட்டேன். டாக்டர் இரவு இன்சுலினை மாற்றி எழுதினார்.

மார்ச் 20

உயரம் போதவில்லை என்று மகனைக் கூட்டிவந்த அப்பா ஒருவர், போனில் ஒரு வீடியோ காட்டினார். பட்டினி கிடந்தால் வளர்ச்சி ஹார்மோன் பல மடங்காகும், பையன் உயர்ந்துவிடுவான் என்கிறார் அதில் பேசுகிறவர். முதல் பாதி உண்மைதான், நீண்ட பட்டினியில் ஹார்மோன் ஏறும். ஆனால் இன்சுலின் குறைய, ஐஜிஎஃப்-1 விழும், வளர்ச்சி நிற்கும். போன வாரம் வந்த டைப் 1 பெண்ணின் கல்லீரலில் நடப்பதுதான் இங்கேயும் கொஞ்சம் நடக்கிறது. அரைகுறை உண்மையை வைத்துப் பிழைக்கிற இந்த ஆட்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

"அப்போ ராத்திரி சர்க்கரை போட்ட பால்? அது ஹார்மோனை அடக்கிடுமே?" அடக்கும், கொஞ்ச நேரம். குளுக்கோஸ் குடித்த சில மணி நேரத்தில் அது திரும்ப எழும்பிவிடும். ஒரு டம்ளர் பாலால் யாரும் குள்ளமாகிவிட மாட்டார்கள். பல்லைத் துலக்கச் சொல்லுங்கள், அது போதும் என்றேன். பையனின் இடது கைக்கு எலும்பு வயது எக்ஸ்ரே எழுதியிருக்கிறார்கள். ஹார்மோன் டெஸ்ட் தேவையா என்பது அதன் பிறகு. அதுவரை காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டே பள்ளிக்கூடம் போகட்டும் என்று டாக்டரும் சொல்லி அனுப்பினார்.