பெண் பிள்ளைகளுக்கும் சாயங்கால கிரவுண்ட்: அல்சூரில் ஒரு டீம் சேர்த்த கதை

மகளை ஃபுட்பால் கோச்சிங்கில் சேர்ப்பது ஒரு சாயங்கால வேலை. அவளை ஒரு டீமில் பதிவு செய்து போட்டியில் இறக்குவதற்குள் எங்களுக்கு ஒரு பள்ளி வருடமே ஓடிவிட்டது. பெங்களூரில் இதே வேலையில் இறங்கப்போகிற அப்பா அம்மாக்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அல்சூர் பக்கம். பக்கத்துக் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அந்தத் தெருக்களில் பையன்கள் நடக்கப் பழகும்போதே காலுக்குப் பந்து வந்துவிடும். என் மகளும் பன்னிரண்டு வயது வரை அவர்களோடுதான் ஆடினாள். ஒரு நாள் கோச் கூப்பிட்டு, “அக்கா, இனிமே பசங்க டீம்ல இவ பேரைப் போட முடியாது. பொண்ணுங்க டீம் எதுலயாவது சேர்த்துடுங்க” என்றார். அப்படி ஒரு டீம் அந்த கிரவுண்டில் இல்லை. சரி, நாமே சேர்ப்போம் என்று நானும் இன்னும் சில அம்மாக்களும் கிளம்பினோம்.

பிள்ளைகள் உடனே தயார். கேள்விகள் வந்தது வீடுகளிலிருந்துதான். ஷார்ட்ஸ் போட்டே ஆகணுமா? உள்ளே அதே நிறத்தில் நீளமான லெக்கிங்ஸ் போட்டுக்கொள்ளலாம், விதியில் இடம் இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு ஆடலாமா? 2014 முதல் ஃபிஃபா போட்டிகளிலேயே அனுமதி உண்டு. கறுப்பிலோ ஜெர்சியின் நிறத்திலோ இருக்க வேண்டும், ஊசி குத்தக்கூடாது. இதை கோச் வாயாலேயே கேட்ட பிறகுதான் ஒரு பெண்ணின் அத்தா ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். பாட்டிகளை வழிக்குக் கொண்டுவந்தது கடலூர் ஃபுட்பால் வீராங்கனை இந்துமதி கதிரேசனின் கதை. 2018–19இல் மதுரை சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை ஜெயித்த கதையைச் சொன்னபோது சும்மா தலையாட்டியவர்கள், இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

உண்மையான இழுபறி கிரவுண்டுக்குத்தான். நாலரையிலிருந்து ஏழு வரை எல்லா நாளும் பையன்களின் டீம்களுக்குப் போயிருந்தது. எங்களுக்குத் தருவதாகச் சொன்னது மதியம் இரண்டு மணி, இல்லாவிட்டால் ராத்திரி ஏழரை. இரண்டு மணிக்குப் பள்ளியே விட்டிருக்காது. ஏழரைக்கு எந்த வீட்டிலும் அனுப்பமாட்டார்கள். அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டு “பொண்ணுங்க எங்கே வர்றாங்க?” என்று கேட்பது சுலபம். கேட்கவும் செய்தார்கள். கிரவுண்ட் கமிட்டிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. பல வருடமாக ஒரே டீம்களுக்கு ஒரே நேரம் போய்க்கொண்டிருந்தது, அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, எந்த நாளில் எந்த டீம், எத்தனை பேர் வருகிறார்கள் என்று கொஞ்ச நாள் பார்த்து ஒரு தாளில் எழுதினோம். சீனியர் டீம் ஒன்றின் நேரம் வாரத்தில் பாதி நாள் காலியாகவே கிடந்தது. அம்மாக்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு அந்தத் தாளையும் கொடுத்து, “முழு கிரவுண்ட் வேண்டாம் அண்ணா. செவ்வாய், வியாழன் நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும் பாதி குடுங்க” என்றோம். ஐந்து பேர் ஆட்டத்துக்குப் பாதி மைதானம் தாராளம். கிடைத்தது.

அப்புறம் காகிதம். விளையாட்டு வீராங்கனையாகப் பதிவதை நாமே செய்துகொள்ள முடியாது. அகில இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனின் சி.ஆர்.எஸ். என்ற ஆன்லைன் பதிவுத் தளத்தில் கிளப்தான் ஏற்ற வேண்டும். வயதுப் பிரிவு என்பதால் பிறப்புச் சான்றிதழ் முக்கியம். இங்கேதான் நம் ஆட்கள் மாட்டுவார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன கையோடு ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பிறப்பைப் பதிந்திருப்பார்கள். பெயர் வைக்கும் முன் பதிந்ததால் சான்றிதழில் பிள்ளையின் பெயர் இருக்காது. பதிவான நாளிலிருந்து பதினைந்து வருடத்துக்குள் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம், ஆனால் பதிந்த ஊர் அலுவலகத்தில்தான். இன்னொன்று இனிஷியல். ஆதாரில் ‘ஆர்’, சான்றிதழில் ‘ரவிச்சந்திரன்’ என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். பெண் பத்து வயது ஆகும்போதே இரண்டையும் ஒன்றாக்கி வைத்துவிடுங்கள்.

பயிற்சியில் நான் பிடிவாதமாக இருந்தது ஒன்றில்தான். முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிவது பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிட அதிகம். இப்படிப்பட்ட காயங்களைக் குறைக்கத்தான் ஃபிஃபாவின் ‘லெவன் பிளஸ்’ வார்ம்-அப் இருக்கிறது. ஓட்டம், பிளாங்க், ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முழங்காலை மடக்கி இறங்குவது என்று இருபது நிமிடம். பையன்களின் கோச் அதை நேர விரயம் என்றார். நாங்கள் விடவில்லை. அளவான ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் பேசியது ஒரு சீனியர் ஆட்டக்கார அக்கா. மாதவிடாய் நாளில் வரலாமா என்ற கேள்வியும் அவளிடம்தான் வந்தது. முடிந்தால் வா, முடியாவிட்டால் உட்கார்ந்து பார் என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் போட்டியில் நன்றாகவே தோற்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் யார் கோல்கீப்பர் என்பதற்கு ஒரே சண்டை. இப்போது சனிக்கிழமையும் கேட்டிருக்கிறோம். கழிப்பறைச் சாவி இன்னும் வாட்ச்மேனிடம்தான் இருக்கிறது, அவரோ ஐந்து மணிக்கு டீ குடிக்கப் போய்விடுவார். அடுத்த கடிதம் அதற்குத்தான்.