பெல்ட் ஒட்டுக்கு எந்தப் பிரஸ்?

யாழ்ப்பாணத்தில் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான். கொங்கிறீட்டுக்கும் வீதிக்கும் வேண்டிய கருங்கல் சல்லி வன்னியிலிருந்து ஏ9 வழியே டிப்பரில் வந்து சேருகிறது. எங்கள் பட்டறை இங்கே, வேலை பெரும்பாலும் அங்கே, கல் உடைக்கும் கிறஷர்களில். கல்லைச் சுமந்து போகும் கொன்வேயர் பெல்ட் அறுந்தால் கிறஷர் முழுக்க நின்றுவிடும். கிளிப் அடித்து மூட்டினால் அவசரத்துக்கு ஓடும், ஆனால் இடுக்கால் தூள் சிந்தும், கிளிப்பும் போகிற இடமெல்லாம் இடறும். பசை போட்டுக் குளிர் முறையில் ஒட்டுவது சின்னப் பெல்ட்டுக்குச் சரி. பாரம் கூடிய பெல்ட் என்றால் சூடாக வல்கனைஸ் பண்ணுவதுதான், அதாவது ஒட்டுக்குள் வைத்த றப்பரை அமர்த்தி வேகவைப்பதுதான் முறை. அதற்குப் பிரஸ் வேண்டும்: ஒட்டை இரண்டு சூட்டுத் தட்டுக்கு நடுவே வைத்து, மேலும் கீழும் பீம் என்கிற குறுக்குச் சட்டங்களால் பூட்டி அமர்த்தும் கருவி.

பிரஸ் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி போகும்?" என்றுதான். றப்பர் வேக 145 டிகிரி அளவு போதும். அந்தச் சூட்டைத் தராத பிரஸ்ஸை யாரும் விற்க மாட்டார்கள். காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1990இல் நின்றுபோகும்வரை அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்து போவார். அவர் சொல்லுவார்: "தம்பி, சூடு காட்டுறது லேசு. அமத்திப் பிடிக்கிறதுதான் வேலை."

அது சும்மா சொன்ன கதை இல்லை. மாரியில் வெளியே கிடந்த பெல்ட்டின் றப்பருக்குள் இருக்கும் துணி ஈரத்தைக் குடித்திருக்கும். 145 டிகிரியில் அந்த ஈரம் ஆவியாகி, வளிமண்டல அழுத்தத்தைப் போல நான்கு மடங்கு அழுத்தத்தோடு வெளியே தள்ளப் பார்க்கும். ஒட்டுக்குப் பூசிய சொலூஷனில் (றப்பர்ப் பசையில்) காயாமல் மிஞ்சிய கரைப்பானும் சேர்ந்துகொள்ளும். பிரஸ் அதை மீறி அமர்த்தாவிட்டால் வேகிற றப்பருக்குள் குமிழி விழும். அப்படிப்பட்ட ஒட்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே பாண் துண்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். துணிப் பெல்ட்டுக்கே 7 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு, கேட்பதும், எஃகுக் கம்பி வைத்த பெல்ட்டுக்கு அதற்கும் மேலே கேட்பதும் இதனால்தான்.

உள்ளூர் லேத் பட்டறையில் செய்விக்கலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டு தடித்த இரும்புத் தகடு, உள்ளே ஹீற்றர், ஓரமெல்லாம் போல்ட். மலிவுதான். கணக்குத்தான் இடிக்கிறது. 800 மில்லிமீற்றர் பெல்ட்டுக்குத் தட்டு 0.9 சதுர மீற்றர் அளவில் வேண்டும் என்று வையுங்கள். 7 பாரில் அதன்மேல் 64 தொன் பாரம் ஏற வேண்டும். ஓரத்துப் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் தகடு நடுவில் வில்லாக வளையும். ஓரத்தில் றப்பர் பிதுங்கி ஓடிவிடும், நடுவிலோ அழுத்தமே இராது. இந்த இடத்தில்தான் பீமுக்கும் தட்டுக்கும் நடுவே வைக்கிற அழுத்தப் பை தன் விலைக்கு வேலை செய்கிறது. பைக்குள் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்று. மேலே பீம் கொஞ்சம் வளைந்தாலும் பை ஊதி அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். காற்றுப் பையும் இருக்கிறது, நீர்ப் பையும் இருக்கிறது. நான் நீர்ப் பையின் ஆள். கைப் பம்பால் ஏற்றலாம், கரண்ட் போனாலும் அழுத்தம் நிற்கும். பை வெடித்தால்கூடத் தண்ணீர்தான் பீறும். அமுக்கிய காற்று அப்படி விடாது.

அளவு விஷயத்தில் பெல்ட்டின் அகலத்தை மட்டும் சொல்லி பிரஸ் கேட்பவர்கள்தான் கூட. ஒட்டின் நீளத்தை யாரும் அளந்து வருவதில்லை. நான்கு துணி அடுக்குள்ள பெல்ட்டின் முனையை அடுக்கடுக்காக உரித்து மூன்று படி வெட்டுவோம். படி ஒன்று 250 மில்லிமீற்றர் என்றால் 750. அதோடு ஒட்டைச் சரிவாக வெட்டுகிறோம். 800 அகலத்துக்குச் சரிவு மட்டும் 320 வரும். நேர் சதுரத் தட்டில் இரண்டையும் கூட்டி, முன்னும் பின்னும் மேலதிகமும் விட வேண்டும். அதே சரிவில் வெட்டிய சாய்தட்டு வாங்கினால் அந்த 320ஐக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். தட்டின் நீளம் குறையும், தூக்குகிற பாரமும் குறையும். தட்டுப் போதாமல் இரண்டு தடவையாக வேகவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். செய்யலாம், ஆனால் நடுவில் ஒரு பட்டை இரண்டு தரம் வேகும். எனக்கு அது பிடிப்பதில்லை.

பீம் அலுமினியமா இரும்பா என்று கேட்டால், மறுபேச்சில்லாமல் அலுமினியம். கிறஷரில் கிரேன் எப்போதும் கிடைக்காது. இரண்டு பேர் ஒரு பீமைத் தூக்கிக்கொண்டு சல்லிக் குவியலில் ஏற வேண்டும்.

அப்புறம் மின்சாரம். இந்த அளவுத் தட்டுகள் 15 கிலோவாட் அளவில் இழுக்கும், மூன்று பேஸ் 400 வோல்ட் வேண்டும். நீண்ட லைனின் கடைசியில் 360 வோல்ட்தான் வந்தது என்றால் பத்து வீதம்தானே குறைவு என்று நினைக்கக்கூடாது, சூடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் தட்டின் ஓரங்கள் வேறு ஆறிப்போகும். கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள இலக்கம் 145 காட்டினாலும் நான்கு மூலையிலும் தனித் தெர்மோமீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும், காற்று வருகிற பக்கம் படங்கு கட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கட்டுப்பாடு இல்லாத பிரஸ்ஸை நான் எடுக்கமாட்டேன்.

வெந்து முடிந்ததும் பலருக்கு அவசரம். அழுத்தத்தை விடாமலே 70 டிகிரிக்குக் கீழே ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் அடக்கி வைத்த ஆவி அப்போது வேலையைக் காட்டும். தட்டுக்குள் நீர் ஓடும் வழி இருந்தால் சீக்கிரம் ஆறும், இல்லாவிட்டால் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க வேண்டியதுதான். இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலில் வெள்ளையாகப் படிகிறதே, அது 145 டிகிரித் தட்டுக்குள் இன்னும் வேகமாகப் படிந்து வழியை அடைத்துவிடும். மழைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து அதையே சுற்றி ஓடவிடுவதுதான் எங்கள் வழக்கம்.

புதிது வாங்கக் காசு காணாதவர்கள் பழைய பிரஸ் பார்க்கலாம். பீம் பழையதாக இருந்தால் பரவாயில்லை, நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தால் போதும். பையை மட்டும் புதிதாக வாங்குங்கள், அதுவும் றப்பர்தான், சூட்டில் கிழடு தட்டும். பழைய பையோடுதான் தருவேன் என்று நின்றால், பிரஸ்ஸை முழுக்கப் பூட்டி 145 டிகிரி ஏற்றி, 7 பாரில் அரை மணி நேரம் அழுத்த மானி அசையாமல் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். சூடு ஏற்றாமலே காட்டுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். கசிகிற பை சூட்டில்தான் கசியும்.