கடைத்தெருக் கட்டடமா? முதலில் மெட்ராஸ் டெரஸைப் பாருங்கள்

சென்னை ஜார்ஜ் டவுனில் பழைய கடைக் கட்டடத்தை வாங்கப் போகிறவர்கள் முகப்புத் தூணையும் வளைவையும் பார்த்துவிட்டு விலை பேசுகிறார்கள். அந்தக் கட்டடம் இன்னும் எத்தனை வருஷம் நிற்கும் என்பதைத் தலைக்கு மேலே இருக்கும் மெட்ராஸ் டெரஸிடம்தான், அதாவது மரக்கட்டை, செங்கல், சுண்ணாம்பால் ஆன அந்தப் பழைய மட்டக் கூரையிடம்தான் கேட்க வேண்டும்.

உத்திரத்தின் மேல் சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் 15×7.5×2.5 செ.மீ. அளவுள்ள சன்னமான அச்சுக்கல்லை (செங்கல்) சுண்ணாம்பில் தோய்த்து, குத்துக்கல்லாக (படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி), கட்டைக்குக் குறுக்கே மூலைவாட்டில் அடுக்குவார்கள். முன்வரிசைக் கல்லோடு ஒட்டிக்கொண்டே போவதால் அடியில் சென்ட்ரிங் (தாங்கு பலகை) தேவையில்லை. அது இறுகியபின் 7.5 செ.மீ. செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கான்கிரீட். இதைக் கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் மூன்று நாள் தட்டினால் 5 செ.மீ. வரை அமுங்கும். தட்டுவதில் ஒரு நாளை மிச்சம் பிடித்தால் அந்த இடத்தில் பின்னால் ஒழுகும். மேலே தட்டையான ஓடு (தட்டோடு), சுண்ணாம்புப் பூச்சு. தண்ணீர் ஓட வாட்டம் மூன்றடிக்கு ஓர் அங்குலம்.

இது கெடுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, கட்டையின் நுனியில். சுவருக்குள் புதைந்த அந்த அரை அடிக்குக் காற்றே கிடையாது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தோ மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்புவாய் அடைத்தோ தண்ணீர் இறங்கினால் அங்கேதான் தங்கும்; மரம் உளுத்துப்போகும், கரையான் வரும். ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு கட்டையையும் சுவரோரம் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்னும், உளுத்தது பொத்தென்னும். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையையாவது கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் காரணம் இருக்கும்.

ஒழுகலுக்கு எல்லோரும் செய்யும் வைத்தியம் மேலே சிமெண்ட் பூச்சு. அதுதான் வினை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. வெயிலில் சிமெண்டில் மயிரிழை வெடிப்பு விழுந்து தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வர வழியில்லாமல் மரத்தில் இறங்கும். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே தட்டோட்டை மறுபடி பதிப்பதுதான் சரி.

இன்னொன்று பாரம். 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிறைந்தால் ஒரு டன். கட்டைகளின் நடுவில் வைக்காதீர்கள். இரண்டு சுவர்களுக்கு மேல் இரும்புச் சட்டம் போட்டு அதன்மேல் ஏற்றுங்கள். மாடியைக் காகித கோடவுனாக விடுவதும் இதே கதைதான்.

நுனி மட்டும் போன கட்டையை முழுதாக மாற்ற வேண்டாம். கீழே முட்டுக் கொடுத்து, உளுத்ததை அறுத்து, இரு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட்டு, சேனலைச் சுவரில் ஏற்றலாம். அறுத்த நுனிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலம் காற்றுக்கு விடுங்கள். வேலையைப் பொங்கல் கழித்துத் தொடங்குங்கள். சுண்ணாம்பு இறுக மாதக்கணக்கில் ஆகும், ஐப்பசி மழை காத்திருக்காது.